ஐந்து நட்சத்திரக் களி

எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்பதை ஐந்து வருஷம் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவள் நான். பேச்சு ஒரு வருஷத்தில் பிடிபட்டுவிட்டது. எழுத்து மட்டும் ஜாங்கிரி பிழிந்து வைத்த மாதிரியேதான் கண்ணுக்குத் தெரிந்தது. சுள்ளிக்கல்லில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. அங்கே ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷில்தான், அதனால் தப்பித்தேன். பஸ் போர்டை வாசிக்காமல், "தோப்பும்படி போகுமோ சேட்டா?" என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுவேன். (பார்வை கொஞ்சம் மங்கல் என்று நினைத்திருப்பார், பாவம்.)

என் கணவர் சந்திரன் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருக்கு மலையாளம் வாசிக்க வரும், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். "நீ கொறச்சு மலையாளம் படிச்சா என்ன சுமதி?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "அதெல்லாம் எனக்கு அத்துப்படி" என்று சொல்லி வந்தேன். இந்தத் திமிருக்குத்தான் பிறகு இருபது பேருக்குச் சமைக்க வேண்டி வந்தது.

எங்கள் மகள் யாழினி அப்போது யுகேஜி. நாலரை வயசு. மூக்கைச் சிந்தத் தெரியாது, செருப்பை மாற்றித்தான் போடுவாள். அந்த வயசுக்கு அவளுடைய பள்ளிக்கூடம் ஒரு ஆப் வைத்தது. பெயர் 'குட்டித் தாரகை'. தினமும் வீட்டுப்பாடம் போனில் வரும், போனிலேயே செய்து, சாயங்காலம் ஏழு மணிக்குள் அனுப்ப வேண்டும். செய்தால் நட்சத்திரம். செய்யாவிட்டால் உதடு பிதுக்கிய ஒரு மஞ்சள் மூஞ்சி.

என்ன வீட்டுப்பாடம் என்று கேளுங்கள். படத்திலிருக்கும் பூனையைத் தொட வேண்டும். அடப்பாவிகளா! மீன்காரர் வரும் நேரத்துக்கு எங்கள் வாசலில் நாலு பூனை நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறது, தொட்டால் பிறாண்டும், குழந்தைக்கும் பூனை என்றால் என்னவென்று ஜென்மத்துக்கும் மறக்காது. படத்திலிருக்கும் செடிக்குப் படத்திலிருக்கும் பூவாளியால் தண்ணீர் ஊற்ற வேண்டும். யாழினி அதற்கு விழுந்து விழுந்து தண்ணீர் ஊற்றிய வாரத்தில்தான் எங்கள் தொட்டிக் கறிவேப்பிலை காய்ந்து செத்தது. ஒருநாள் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அடுத்த படம் வரவில்லை என்று அழுதாள்.

ஆப்பில் மொழி தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று இருந்தது. மலையாளத்தைத் தள்ளிவிட்டு நான் பெருமையாகத் தமிழை அமுக்கினேன். அந்தத் தமிழ் இருக்கிறதே, அதைத் தமிழ் என்று சொன்னவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். 'பந்தை இழுத்துக் கைவிடவும்' என்று வரும். 'உங்கள் பிஞ்சை ஏழு மணிக்குள் ஏற்றவும்' என்று வரும். எதில் ஏற்றுவது? வைப்பின் தீவுக்குப் போகிற படகிலா? இருந்தாலும் ஜாங்கிரிக்கு இது தேவலை என்று சகித்துக்கொண்டேன்.

நட்சத்திரம் எங்களுக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். முந்தைய வருஷம் ஆண்டு விழாவில் யாழினியைக் கடைசி வரிசையில், அட்டையில் செய்த ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் அரைமணி நேரம் தென்னைமரத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்து கேட்டாள்: "அம்மா, என்னை எல்லாரும் கண்டாங்களா?"

"கண்டாங்கடி" என்றேன். அந்தப் பொய் தொண்டையில் முள்ளாக நின்றது. இந்த வருஷம் நட்சத்திரம் அதிகம் வாங்கும் குழந்தைகளுக்குத்தான் முன்வரிசை என்று டீச்சர் சொன்னபோது, ஏழு மணி தாண்டித் தாண்டி அனுப்பியதில் எங்கள் கணக்கில் இருந்ததெல்லாம் மஞ்சள் மூஞ்சி. குழந்தையை முன்னால் நிறுத்தியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மார்கழி பிறந்தது. ஆப்பில் பெரிய வீட்டுப்பாடம் வந்தது:

'இவ்வாரச் செயல்: திருவாதிரைக்களி. தாயும் பிஞ்சும் சேர்ந்து ஒரு நிமிடக் களி. பாரம்பரிய உடை. கைகள் நன்கு தெரிய வேண்டும். வட்டமாகச் செய்யவும். அதிக நட்சத்திரம் பெறுவோர் ஆண்டு விழாவில் முன்வரிசை.'

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. திருவாதிரைக்கு ஊரில் வீட்டுக்கு வீடு செய்யும் களி! அரிசியும் பயத்தம்பருப்பும் வறுத்து உடைத்து, வெல்லப்பாகில் கிளறி, நெய்யும் தேங்காயும் ஏலக்காயும் போட்டு, கூட்டோடு சாப்பிடுகிற களி. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறதே! கைகள் தெரிய வேண்டுமாம், சரிதான், கிளறுவது தெரிய வேண்டாமா? வட்டமாகச் செய்ய வேண்டுமாம். களியைப் பின்னே சதுரமாகவா கிளறுவார்கள்?

(மலையாளத்தில் 'களி' என்றால் ஆட்டம், விளையாட்டு. அது எனக்குத் தெரியும். குத்துவிளக்கைச் சுற்றிப் பெண்கள் கைகொட்டி ஆடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் அதைக் 'கைகொட்டிக்களி' என்றுதான் சொல்வார்கள். அதற்குத் திருவாதிரைக்களி என்று இன்னொரு பெயர் இருப்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆதிரை என்றதும் என் மூளை நேராக அடுப்படிக்குப் போய்விட்டது.)

பட்டுப்புடவை கட்டினேன். யாழினிக்குப் பாவாடை சட்டை. துவரம்பருப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தேன். முதல் தடவை எடுத்தபோது குழந்தையின் முதுகு மட்டும் விழுந்தது. இரண்டாவது தடவை ஆவியில் போன் மங்கிவிட்டது. மூன்றாவதில் போனே டப்பாவோடு சாய்ந்தது. ஒன்பதாவது தடவை அவள், "போதும்மா, கை நோவுது" என்று அழ ஆரம்பித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்தானையால் முகத்தைத் துடைத்து, "சிரி" என்றேன். இப்போது நினைத்தால் என்னையே ஓங்கி ஒன்று போடலாம் போலிருக்கிறது. பதினாலாவது தடவை சரியாக வந்தது. நான் சுற்றிச் சுற்றிக் கிளற, கரண்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவளும் சுற்ற, கடைசியில் "கையை எடுடி, சுட்டுடும்!" என்ற என் குரலோடு முடிகிற வீடியோ. அனுப்பினேன்.

மறுநாள் போனில் பட்டாசு வெடித்தது. ஐந்து நட்சத்திரம்! வகுப்பிலேயே முதலிடம். 'வட்ட அசைவு மிகச் சிறப்பு. தாள ஒழுங்கு மிகச் சிறப்பு.' கீழே இன்னொரு செய்தி: 'உங்கள் களி தேர்வாகியது. சனிக்கிழமை காலை பத்து மணி, பள்ளி முற்றம். இருபது தாய்மாரும் களி. முன்வரிசை நடுவில் உங்கள் இடம்.'

இருபது தாய்மாருக்கும் களி என்று வாசித்தேன். ஒன்றிரண்டு எழுத்து கூடக்குறைய இருந்தால் அது ஆப்பின் தமிழ் என்று நானே சரிசெய்துகொள்வது வழக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பரணிலிருந்து பெரிய வெண்கல உருளியை இறக்கியபோது சந்திரன் வேலை முடிந்து வந்தார்.

"எந்தா விசேஷம்?"

"நாளைக்கு ஸ்கூல்ல களி. நான்தான் நடுவுல."

அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "நீயா? களிக்கா? ஆள்காரங்க முன்னாடியா?"

"ஏன், எனக்கு வராதா? எங்கம்மாகிட்ட கத்துக்கிட்டது."

"ஏய், இத்தனை நாள் நீ சொல்லவே இல்லையே!" என்று அசந்துபோனார். "கொள்ளாம் கேட்டோ, ரொம்ப நல்லது. இடுப்பு நோவாம பாத்துக்கோ."

கிளறினால் இடுப்பு நோகத்தானே செய்யும், மனுஷனுக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை. உருளி நிறையக் களி, ஒரு தூக்கு நிறையக் கூட்டு, பாலஸ் ரோட்டின் எல்லாப் பள்ளத்திலும் இறங்கி ஏறிய ஆட்டோவில் என் காலிடுக்கில். பள்ளி முற்றத்தில் பத்தொன்பது அம்மாக்கள் தங்கக்கரை போட்ட வெள்ளை முண்டும் மேலே நேரியதும் உடுத்தி, தலையில் பூவோடு, பக்கத்தில் ஒரு குழந்தையோடு, வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். அடேயப்பா, களி சாப்பிட இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் புல்லரித்தது. வட்டத்தின் நடுவில் ஒரு வாழையிலை விரித்துக் காலியாக இருந்தது. எனக்குத்தான் என்று நேராகப் போய் உருளியை அதன்மேல் வைத்தேன்.

யாழினியின் வகுப்பு ஷீபா டீச்சர் கையில் ஐந்துதிரிக் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சேச்சீ, இது எந்தா?"

"களி டீச்சர்."

"களியோ?"

"திருவாதிரைக்களி. சூடா இருக்கு, நெய் உறையறதுக்குள்ள சாப்பிடணும்."

டீச்சர் விளக்கைப் பார்த்தார், உருளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அய்யோ சேச்சீ, களின்னு சொன்னா டான்ஸல்லே!"

பத்தொன்பது அம்மாக்களும் சிரித்த சிரிப்பு மட்டாஞ்சேரி படகுத்துறை வரைக்கும் கேட்டிருக்கும். நிலம் பிளந்து என்னை உருளியோடு விழுங்கிவிடாதா என்று நின்றேன். ஆனால் வெட்கத்துக்கு நடுவிலும் ஒரு சந்தேகம் முட்டியது.

"டீச்சர், நான் அனுப்பின வீடியோவை நீங்க பாக்கலையா? அதுல நான் சமையல்தானே பண்றேன்?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "முப்பத்தெட்டு குட்டிகளல்லே சேச்சீ. யார் பாக்கும்? ஸ்டார் ஆப்பல்லே கொடுக்குது."

என் வெட்கம் அந்த நிமிஷமே போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை! பதினாலு தடவை. அழுத குழந்தையின் முகத்தைத் துடைத்து 'சிரி' என்றது. எல்லாம், கரண்டி சுற்றுவதற்கும் கால் சுற்றுவதற்கும் வித்தியாசம் தெரியாத ஒரு குருட்டு மிஷினுக்காக! இதைச் சத்தமாகவே சொன்னேன். (தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் திட்டி மறுபடி தமிழில் முடித்தேன். கோபத்தில் எனக்கு மலையாளம் நன்றாக வரும்.)

அப்புறம்தான் வட்டத்திலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. ஒரு அம்மா, தான் ஆடவில்லை, தங்கையை ஆடவைத்து எடுத்ததாகச் சொன்னார். இன்னொருத்தி போன ஓணத்து வீடியோவை அப்படியே அனுப்பியிருக்கிறாள். மூன்றாவது அம்மாதான் எல்லோரையும் தோற்கடித்தார். கைதவறிச் சீலிங் ஃபேனைப் படம்பிடித்து அனுப்பிவிட்டாராம். நாலு நட்சத்திரம்! இதையெல்லாம் பேசிக்கொண்டே உருளியைக் காலி செய்துவிட்டார்கள். ஷீபா டீச்சர் மட்டும் இரண்டு தடவை கூட்டு கேட்டு வாங்கினார்.

நான் உருளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். யாழினி நகரவில்லை. வட்டத்தில் சபையைப் பார்த்த பாதிதான் முன்வரிசை; அதன் நடுவில் சுண்ணாம்பால் போட்ட இடத்தில் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி நின்றாள், செருப்பு வழக்கம்போல் மாறியிருந்தது.

"சேச்சி போனா, குட்டி பின்வரிசைக்குப் போகணும்" என்றார் டீச்சர் தயங்கி. "லிஸ்ட்ல அம்மையும் குட்டியும் ஜோடியாத்தான் இருக்கு."

பின்வரிசை என்றதும் யாழினி என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் போயிருப்பேன். உருளியைக் கீழே வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வட்டத்தில் போய் நின்றேன்.

அன்றிலிருந்து ஆண்டு விழா வரை இரண்டு வாரம் பயிற்சி. என் கை கிழக்கே போனால் கால் மேற்கே போயிற்று. வீட்டில் சந்திரன் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார், பாதி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மாகிட்ட கத்துக்கிட்டதா? நல்லா கத்துக்கிட்டே!"

ஆண்டு விழா வந்தது. நான் வெள்ளை முண்டில், யாழினி என் கையைப் பிடித்தபடி, முன்வரிசை நடுவில். முதல் பாட்டு எப்படியோ ஒப்பேறியது. இரண்டாவது பாட்டில் எல்லாம் மறந்துவிட்டது. ஒரே ஒரு அடிகூட நினைவில்லை. யாழினி நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். என் உடம்புக்குத் தெரிந்த வட்டம் ஒன்றே ஒன்றுதான். குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து, கிளறினேன். யாழினிக்கு முகம் மலர்ந்தது. இது அவளுக்கு நன்றாகத் தெரிந்த பாடம், பதினாலு தடவை படித்தது. அவளும் குனிந்து கிளறினாள். பின்வரிசை எப்போதும் முன்வரிசையைப் பார்த்துத்தான் ஆடும். ஒரு சுற்று முடிவதற்குள் இருபது அம்மாக்களும் இருபது குழந்தைகளும் விளக்கைச் சுற்றிக் களி கிளறிக்கொண்டிருந்தார்கள். சபையில் விசில் பறந்தது. பிரின்சிபால், இது தமிழ்நாட்டு முறை என்று பக்கத்திலிருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தாராம்.

ஆட்டோவில் மடியில் உட்கார்ந்து அவள் கேட்டாள்: "அம்மா, என்னை எல்லாரும் கண்டாங்களா?"

"உன்னை மட்டும்தாண்டி கண்டாங்க" என்றேன். தொண்டையில் ஒன்றும் நிற்கவில்லை.

அந்த ஆப் இன்னும் ஒழியவில்லை. இப்போது பிரீகேஜிக்கும் வந்துவிட்டதாகக் கேள்வி. தொட்டிலையும் விட்டுவைக்க மாட்டார்கள். நான் அன்றைக்கே அதை அழித்துவிட்டு, அடுத்த வருஷம் யாழினியின் ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை வைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மலையாளம் வாசிக்கக் கற்றேன். ஆனால் என்ன பிரயோஜனம்? எவர் வாயிலிருந்து 'களி' என்று வந்தாலும், சந்திரன் திரும்பி என்னிடம், "கரண்டியா, காலா?" என்று கேட்பது நிற்கவில்லை.

யாழினி இப்போது ஐந்தாவது. போன மாதம் ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன ஐட்டம் என்று கேட்டேன்.

"களி" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினாள். "கால்தாம்மா. நீ உருளியை இறக்காதே."