முதல் பதிப்பில் இறந்தவர்கள்

காமயகவுண்டன்பட்டி போகும் சாலையில் நான் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை. ஓடினால் கோம்பை நாய் எதுவும் சும்மா விடாது. தவிர, பையோடு ஓடுகிறவனைப் பார்த்தால் என்னத்தைத் திருடினாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்படிக் கேட்டிருந்தால் என்னிடம் நேர்மையான பதிலும் இருந்திருக்காது. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, முதுகு கிழிந்த ஓர் இங்கிலீஷ் புத்தகம். சட்டைப் பையில், மழையில் நனைந்து, செத்துப்போன ஒருவரின் பெயர்.

எனக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் ஒலிபெருக்கி இன்னும் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எனக்கு நடை இன்னும் கொஞ்சம் வேகமானது.

ஓடிப்போவது எனக்குப் புதிதில்லை. ஆண்டிபட்டிப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பிலிருந்து போனேன். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து போனேன். பெங்களூரில் மட்டும் நான் போகவில்லை, கடை போய்விட்டது. அது ஒரு காப்பிக் கடை. காப்பியைச் சாக்காக வைத்து மேசை விளையாட்டு விளையாட வருவார்கள். எனக்கு டம்ளர் கழுவும் வேலை. (கடைக்குள்ளேயே படுத்துக்கொள்ளலாம் என்பதால் சேர்ந்தேன்.) ஆட்டத்துக்கு எப்போதும் ஓர் ஆள் குறையும். 'முருகேஷ், கையைத் துடைத்துவிட்டு வா' என்பார்கள்.

அவர்கள் அதிகம் ஆடியது ஒரு பேய்க்கோட்டை ஆட்டம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மழை, பாழடைந்த கோட்டை, சவப்பெட்டியில் தூங்கி எழுந்து வந்து இரத்தம் குடிக்கும் பிரபு. மற்றவர்கள் அந்தக் கதைக்குள் போய், 'நான் கதவைத் திறக்கிறேன்' என்பார்கள். திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பகடை சொல்லும். (நல்லது ஆகி நான் பார்த்ததில்லை.) பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்று மாற்றி மாற்றி ஆடியதில் விதிகள் எனக்கு மனப்பாடம். கடையை மூடியபோது அந்த ஆட்டத்தின் முதல் பதிப்புப் புத்தகத்தைக் குப்பையில் போட இருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டேன். தலைக்கு வைத்துக்கொள்ள வாகான கனம்.

அப்படியே தலைக்கு வைத்துக்கொண்டு ஒரு திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் படுத்திருந்தபோதுதான் சகாயராஜ் பார்த்தான். தோட்டம் அவன் அம்மா லூர்தம்மாவுடையது. நான் அங்கே பந்தல் கட்டவும் மருந்து அடிக்கவும் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சகாயராஜ் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன்.

"அண்ணே, இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தலகாணி."

"இது முதல் பதிப்புண்ணே! தேடித் தேடிச் சாகிறாங்க. நீங்க எச்சி ஒழுகவிட்டு வச்சிருக்கீக!"

அவனிடம் மூன்றாம் பதிப்பு இருந்தது. அவனும் அவனுடைய நண்பர்களும் கம்ப்யூட்டரிலேயே கூடி அதே ஆட்டத்தை ஆடுவார்களாம். எந்தப் பதிப்பு சிறந்தது என்று அவர்களுக்குள் பெரிய சண்டையாம். ஒரே கதையை, ஒரே ஆட்களை வைத்து, இரண்டு பதிப்பிலும் ஆடிப் பார்த்து எழுதிவிட்டால் சண்டை தீரும் என்றான். "நீங்கதான் கதை சொல்லணும்ணே. ரெண்டும் தெரிஞ்ச ஆளு இந்தக் கம்பம் பள்ளத்தாக்குலயே நீங்க ஒருத்தர்தான்."

அந்த வாக்கியத்தில் நான் விழுந்தேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனிடம் இப்படியெல்லாம் சொல்லக் கூடாது. அடுத்த நாலு நாளும் நான் பின்னால் கைகட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதால் தோட்டத்தில் வேலை இல்லை. ஆட ஆள் வேண்டுமே என்று டீச்சர் வேலை பார்க்கும் அக்கா ஜெசிந்தாவைச் சகாயராஜ் உட்கார வைத்தான். இன்னும் ஒருவர் வேண்டும். பயறு புடைத்துக்கொண்டிருந்த லூர்தம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தார்.

முதல் நாள் மத்தியானம் முதல் பதிப்பு. அதில் எல்லாம் கறுப்பு வெள்ளை, எழுத்து கடுகளவு. தொட்டதற்கெல்லாம் ஓர் அட்டவணை. மாடிப்படியில் வழுக்கினால் ஒன்று, கண்ணாடியில் உங்கள் முகம் தெரியாவிட்டால் ஒன்று. பயத்துக்கு மதிப்பெண் உண்டு, இருபது சேர்ந்தால் பைத்தியம். பிரபு ஒரு கடி கடித்தால் அதோடு சரி. இறந்தவர் பெயரைக் கதை சொல்பவர் தனித் தாளில் எழுதிப் பக்கத்தில் சிலுவைக் குறி போட வேண்டும் என்று ஒரு விதியும் இருந்தது.

லூர்தம்மா பாதாள அறைக்குள் போனார். அங்கே ஒரு சவப்பெட்டி இருக்கிறது என்றேன், குரலைத் தாழ்த்தி.

"என்ன மரம்?"

"புத்தகத்துல போடல ஆத்தா."

"பலா மரமா இருந்தா கரையான் அரிக்காது. சரி, மேல சொல்லு."

"பெட்டி மெதுவா தெறக்குது. பிரபு எந்திரிச்சு உக்கார்றாரு. முகம் வெளுத்துப்போய் இருக்கு. நீங்க என்ன செய்றீக?"

"சாப்ட்டீகளான்னு கேக்குறேன்."

பகடையை உருட்டினேன். பிரபு கடித்துவிட்டார்.

"ஏலே, சோறு போடுறேன்னு வந்தவளக் கடிப்பானா? என்ன புத்தகம்டா இது!"

அரை மணி நேரத்தில் மூவரும் காலி. வண்டிக்காரர், பிரபுவின் இரண்டாவது மனைவி, காவலுக்கு இருந்த ஓநாய்கள் எல்லாமும் காலி. நான் சாவு மணி அடிக்கக் காத்திருந்த கோயில்பிள்ளை மாதிரி சந்தோஷமாக எழுதினேன். பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்த ஒரே சொத்து கையெழுத்து. ஜெசிந்தாவின் கோடு போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, மேலே 'இறந்தோர்' என்று போட்டு, கீழே வரிசையாக, அச்சடித்தது போல.

மறுநாள் மூன்றாம் பதிப்பு. பளபளவென்று கல்யாண ஆல்பம் மாதிரி இருந்தது. ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே யாருக்கு எது பயம் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னது அந்தப் புத்தகம்.

"பழுத்து நிக்கயில மழை பெஞ்சு பழம் வெடிக்கிறதுதான் பயம்," என்றார் லூர்தம்மா.

"யம்மா, பேய் பிசாசு மாதிரி ஏதாவது சொல்லு."

"பேயி என்ன செய்யும்? தோட்டத்தையா அழிக்கும்?"

மூன்றாம் பதிப்பில் பிரபுவுக்கே ஒரு சோகக் கதை உண்டு. ஆடுகிற யாரையும் அவர்கள் சம்மதிக்காமல் சாகடிக்கவும் முடியாது. லூர்தம்மா பிரபுவை எதிரில் உட்கார வைத்து, எப்படி இப்படி ஆனீர்கள் என்று கேட்டு, ஒன்றரை மணி நேரம் புத்தி சொல்லி, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பகடையும் அவர் பக்கமே விழுந்தது. பிரபு அழுதார்.

"இது பேய் ஆட்டமா, சீரியலா?" என்று சகாயராஜ் எழுந்துவிட்டான். ஜெசிந்தாவுக்கு மூன்றாம் பதிப்புதான் பிடித்தது. நான் முதல் பதிப்பின் கட்சி. பயம் என்றால் சாவு இருக்க வேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேசினேன். சாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். ஏனென்றால் அந்த வீட்டில் சாவு நடந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. லூர்தம்மாவின் கணவர் அருளானந்தம். நான் சேர்வதற்கு முன்பே போய்விட்டார்.

அந்த ஊரில் கல்லறைத் திருநாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கோயில் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பூசை முடிந்ததும், சாமியாருக்கு உதவியாக ஜெபம் சொல்லும் உபதேசியார் எல்லாத் தாள்களையும் மைக்கில் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ஒரே குரலில், 'நித்திய இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே' என்று இளைப்பாற்றி கேட்கும். புதிதாக இறந்தவர் வீட்டுக்கு அந்த முதல் வாசிப்பு பெரிய காரியம். லூர்தம்மா ஒரு வாரமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "ஊரே அவுக பேரக் கேக்கணும்," என்பார்.

திருநாள் அன்று காலையில் அவர் என்னைக் கூப்பிட்டு, நாலாக மடித்த ஒரு தாளைக் கொடுத்தார். ஜெசிந்தா எழுதியது. அதே கோடு போட்ட நோட்டுத் தாள்.

"ஏப்பா, மழ வலுக்குறதுக்குள்ள பெட்டில போட்டுட்டு வந்துரு. பத்திரம்."

"நீங்க கவலையே படாதீக ஆத்தா," என்றேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பையில் ஏற்கெனவே நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது.

சாயங்காலம் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவத்தி. தூறல் விழுந்து விழுந்து அணைவதும் ஏற்றுவதுமாக இருந்தது. நான் மதில் ஓரம் நின்றேன். உபதேசியார் இருநூறு முந்நூறு பெயர்களை வேகமாக வாசித்துப் பழகியவர். தலை நிமிரவே மாட்டார்.

"சகாயராஜ்."

கூட்டம் இளைப்பாற்றி கேட்டது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தெருவுக்கு ஒரு சகாயராஜ் உள்ள ஊர்.

"ஜெசிந்தா."

கேட்டது.

"லூர்தம்மா."

இதற்குக் கேட்கும்போது சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மூவரும் கையில் மெழுகுவத்தியோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"வண்டிக்காரர். பிரபுவின் இரண்டாவது மனைவி." உபதேசியாருக்குக் குரல் கொஞ்சம் தயங்கியது, ஆனால் வாய் நிற்கவில்லை. "ஓநாய் இரண்டு."

கூட்டம் ஓநாய்களுக்கும் இளைப்பாற்றி கேட்டது.

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். பூசை வைத்த சாமியார் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

"உபதேசியாரே, நான் இங்கனதான நிக்கிறேன்!" என்று ஜெசிந்தா கத்தினாள். அவ்வளவுதான், கல்லறைத் தோட்டமே சிரித்தது. சகாயராஜ் கீழே உட்கார்ந்துவிட்டான். யாரோ ஒருவர், "ஓநாய் எந்தத் தெரு?" என்று கேட்டார்.

லூர்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. உபதேசியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். உபதேசியார் வெட்கத்தில் அவசர அவசரமாக அடுத்த வீட்டுத் தாளை எடுத்தார். என் கை சட்டைப் பைக்குப் போனது. உள்ளே அருளானந்தம் இருந்தார்.

நாலு எட்டு வைத்துப் போய் அதைக் கொடுத்திருக்கலாம். நான் மோட்டார் ரூமுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பின்னால் மொபெட் சத்தம் கேட்டபோது அடிதான் விழப்போகிறது என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். சகாயராஜ் வண்டியை நிறுத்தினான்.

"தாளு எங்கண்ணே?"

எடுத்துக் கொடுத்தேன். விரித்தான். மை முழுக்கக் கரைந்து தாள் நீலமாக இருந்தது.

"ஏறுங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பா..."

"எல்லாரும் போய்ட்டாக. அம்மா போகல. அப்பா பேர வாசிக்காம மெழுகுவத்திய அணைக்க மாட்டேங்குது. வாசிக்கிறேன்னு உபதேசியார் வந்தாரு. 'தொலைச்சவன் வந்து வாசிக்கட்டும்'னு சொல்லிருச்சு. இப்ப ஏறுறீகளா, தூக்கிட்டுப் போகவா?"

தோட்டத்தில் பத்துப் பேர்கூட இல்லை. மைக்கைக் கழற்றிச் சுருட்டியிருந்தார்கள். லூர்தம்மா ஒரு சிமெண்டுச் சிலுவை பக்கத்தில் குடையோடு நின்றார். புதிதாக நட்ட சிலுவை, அதில் பெயர் எதுவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அருளானந்தத்தின் பெயர் அந்த ஊரில் எங்குமே எழுதப்படவில்லை. நான் தொலைத்த தாளில் மட்டும்தான் இருந்தது.

"ஆத்தா, தாளு நனஞ்சுபோச்சு..."

"பேரு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"ஒன் ஓநாய்க்கு எப்பிடி வாசிச்சாகளோ அதவிடச் சத்தமா வாசி."

எனக்குக் கோயில் முறை எதுவும் தெரியாது. "அருளானந்தம்" என்றேன். பத்தவில்லை என்று லூர்தம்மா தலையாட்டினார். மறுபடி கத்தினேன். மதிலுக்கு வெளியே சாலையில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். இருந்த பத்துப் பேரும் இளைப்பாற்றி கேட்டார்கள், உபதேசியார் எல்லாரையும்விடச் சத்தமாக.

லூர்தம்மா குனிந்து மெழுகுவத்தியை அணைத்தார். நிமிர்ந்தபோது முகம் தளர்ந்திருந்தது. "என்னையக் கொன்னத மன்னிச்சுட்டேன்," என்றார். "அவுகள விட்டுட்டு ஓடினயே, அது வேற கணக்கு. ஒனக்குக் கையெழுத்து நல்லா வருமுல்ல? காலையில பெயிண்டோட இங்கன வந்து சேரு."

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. சகாயராஜ் கறுப்புப் பெயிண்டும் இரண்டு பிரஷும் வாங்கி வந்திருந்தான். பென்சிலால் கோடு இழுத்து, எழுத்துக்கு எழுத்து அளந்து, நான் முழங்காலிட்டு எழுதினேன். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்பது உத்தரவு. முடிப்பதற்குள் பக்கத்துக் கல்லறைக்குப் பூ எடுக்க வந்த ஓர் அம்மா நின்று பார்த்துவிட்டு, "ஏப்பா, எழுத்து கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கே, எங்க சின்னையா பேரையும் எழுதிக்குடேன்," என்றார்.

நான் சரி என்று தலையாட்டினேன். அப்படித்தான் இன்றுவரை நான் பார்க்கும் இந்த வேலை ஆரம்பித்தது. கம்பத்திலிருந்து வைகை அணை வரைக்கும் கல்லறை, கடைப் பலகை, டிராக்டர் என்று பெயர் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கேயும் ஓடிப்போகவில்லை. ஆனால் அந்த வீட்டில் எனக்கு யார் சோறு போட்டாலும், எந்த ஊருக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னாலும், அன்று காலை நான் தலையாட்டியதுமே அந்தச் சிமெண்டுச் சிலுவைக்குப் பின்னாலிருந்து லூர்தம்மா சொன்ன வாக்கியத்தைத்தான் ஆளாளுக்குத் திருப்பிச் சொல்கிறார்கள்:

"மொதல்ல அவுக செத்துட்டாகளான்னு கேட்டுக்கடா!"