செத்த கார்டை மறுபடி வாங்கியவன்

தனியாக இருப்பவனைக் கடைக்கு அனுப்பக் கூடாது. பசித்தவனைச் சமையலறைக்குக் காவல் வைப்பது போல அது.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து, சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு பிஸ்கட் ஆலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்து மூன்று மாதம். வேலை நிரந்தரமாகவில்லை. தமிழ் பேச ஆளில்லாமல் வாடகை அறையில் மேசை விசிறியோடு விவாதித்துக்கொண்டிருந்தேன். (எதைச் சொன்னாலும் தலையாட்டி மறுத்துவிடும்.)

பிஸ்கட் சுடும் அடுப்பை இயக்கும் பெட்டியில், அலமாரியில் புத்தகம் போல மின்சுற்றுக் கார்டுகள் செருகியிருக்கும். ஒன்று செத்தால் உருவிவிட்டு வேறு செருகலாம். அன்று ஒன்று செத்தது, செருக வேறில்லை. செய்த கம்பெனி அந்த மாடலையே எப்போதோ கைகழுவிவிட்டது.

"ஜாலான் புசார் கடைத்தெருவுக்குப் போ. பழசைச் சரிபண்ணி விப்பாங்க," என்றார் சீன சூப்பர்வைசர், மலாயில். "நாலு மணிக்கு அடுப்பு எரியலேன்னா, ஈப்போவுக்கு பஸ் இருக்கு லா."

கடைக்காரர் நாகூர்ப் பக்கத்துக்காரர். முதல் கேள்வியே, "தம்பி, சாப்பிட்டீங்களா?"

மூன்று மாதமாக யாரும் கேட்காத கேள்வி. தேநீர் வந்தது. அம்மாவின் மூட்டுவலி, அறைக்காரம்மாவின் கெடுபிடி, விசிறியின் பிடிவாதம் எல்லாம் சொன்னேன். மணி மூன்று.

"இந்த சரக்கு நேத்துதான் வந்துச்சு. தொடைச்சு வெச்சிருக்கேன், இன்னும் ஓட்டிப் பாக்கல. அந்த டெஸ்ட் ரேக்ல போட்டுப் பாத்துட்டு எடுங்க தம்பி."

"என்ன பாய், உங்களைப் போய்ச் சந்தேகப்படுறதா? சே!"

ஆலையில் செருகினேன். ஒரு விளக்குகூட எரியவில்லை. சூப்பர்வைசர் கார்டை உருவி, மேலே ஒட்டியிருந்த புது லேபிளைப் பிய்த்தார். அடியில் மார்க்கர் பேனாவில், தமிழில், 'செத்துவிட்டது'. இரண்டு மாதத்துக்கு முன் நானே உருவி, நானே எழுதி, பழைய இரும்புக்காரரிடம் நானே போட்ட கார்டு.

"என்ன எழுதியிருக்கு?"

"நல்வரவு, சார்."

"இங்க தமிழ் எழுதுறவன் நீ ஒருத்தன்தான் லா."

மறுநாள் அவரே போய், சோதித்து, வேறொன்று வாங்கிவந்தார். என்னை பஸ் ஏற்றவில்லை, பேக்கிங்குக்கு இறக்கினார். அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. இரண்டு வருடம்.

கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கதையை மனைவியிடம் சொன்னது அடுத்த முட்டாள்தனம். இன்றும் ஒரு பல்பு வாங்கப் போனாலும் கூடவே வருகிறாள்; பிள்ளைகள் வாசலிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"நீங்க பேசாம நில்லுங்க. நான் வாங்குறேன்."

நிற்கிறேன். பேசாமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.