குன்னூர் மாப்பிள்ளைக்கு விதை அனுப்ப முடியாத விவரம்

திருத்தணி,
24-3-74

மகா-ள-ஸ்ரீ மாப்பிள்ளை பரந்தாமன் அவர்களுக்கு, திருத்தணியிலிருந்து மாமனார் தேசப்பன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. தணிகைமலையான் கிருபையில் இங்கே நானும் உங்கள் அத்தை ஜெயம்மாளும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும் என்பதால் எழுதவில்லை. அங்கே தாங்களும் சௌபாக்கியவதி அம்சாவும் சம்பந்தி அம்மாளும் குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு நலமாக இருப்பீர்கள். இங்கே பங்குனி பிறந்த அன்றைக்கே கிணற்று உருளை கையைச் சுட ஆரம்பித்துவிட்டது.

தாங்கள் பொங்கல் கழித்து எழுதிய கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாதது என் குற்றம்தான். அதன் கடைசி வரியில், "அம்சாவுக்குப் பங்குனியில் ஏழாம் மாதம் பிறக்கிறது; தங்களிடமிருந்து விதை வந்ததும் அவளை அங்கே அனுப்பி வைக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். விதை இல்லாமல் எந்த முகத்தோடு பேனாவைத் தொடுவது என்று நானும் இருந்துவிட்டேன். இப்போது பங்குனி பிறந்து பத்து நாள் ஓடிவிட்டது. விதை இல்லை. இனி வரப்போவதும் இல்லை. அது ஏன் என்பதைத் தாங்கள் தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசியில் தாங்கள் இரண்டு பொட்டலம் விதையும் நான்கு பக்கத்துக்குச் செய்முறையும் அனுப்பியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. குன்னூர்ச் சிவப்பு பிங்க்ஸ் பூ அடுக்கடுக்காக அழகாயிருக்கிறது, ஆனால் வெயில் தாங்காது. வெள்ளை பிங்க்ஸ் வெயிலைத் தாங்கும், ஆனால் ஒற்றையடுக்கு, பார்க்கச் சகிக்காது. இரண்டையும் இணைத்து, வெயில் தாங்கும் புதுச் சிவப்பு ஒன்றை உண்டாக்க வேண்டும், அதற்குத் திருத்தணி வெயிலை விட்டால் வேறு வெயில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நெசவாளர் சங்கத்தில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனை நம்பித் தோட்ட இலாகா மாப்பிள்ளை ஒரு காரியம் ஒப்படைக்கிறாரே என்று அன்றைக்கே கிணற்றடியில் பாத்தி கட்டிவிட்டேன். உங்கள் அத்தைக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே பெயர் பிடிக்கவில்லை. "பிங்க்ஸ்னா ரோஸ் கலருதானே? ஒண்ணு செவப்புன்றீங்க, ஒண்ணு வெள்ளைன்றீங்க. ரோஸ் கலரு எங்கங்க?" என்றாள். ரோஸ் கலருக்குத்தான் இங்கிலீஷில் பிங்க், ஆனால் இந்தச் செடிக்கும் அதுதான் பெயர் என்று விளக்கினேன். "அப்ப ரோஜாவுக்கு இன்னா பேரு?" என்றாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டேன்.

ஐப்பசி அடைமழையில் நாற்றுப் பாதி அழுகிப் போயிற்று. மீதியைக் காப்பாற்ற நான் பாத்தியின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, நான் நனைந்தபடி, காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் நின்றேன். அப்படி நின்று எனக்குச் சளி பிடித்து, ஒரு நாள் ஒரே ஒரு நாள் படுத்தேன் மாப்பிள்ளை, அன்றைக்கு உங்கள் அத்தை என்மேல் இரக்கப்பட்டுப் பாத்தியில் களை பிடுங்கியிருக்கிறாள். பிங்க்ஸ் செடியின் இலை புல் மாதிரி இருக்கும் என்று தாங்கள் நான்கு பக்கத்தில் எங்கேயாவது எழுதியிருக்கலாம். "புல்லு மண்டிப் போச்சு, ஒரு கூடை வாரிப் போட்டேன்" என்று கஷாயத்தோடு வந்து சொன்னாள். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது சிவப்பில் மூன்றும் வெள்ளையில் ஐந்தும் நின்றுகொண்டிருந்தன. நல்ல வேளையாக அவளுக்கு அதற்குள் இடுப்பு வலி எடுத்திருக்கிறது.

மார்கழியில் மொட்டு வந்தது. தாங்கள் எழுதியபடியே சிவப்பின் மொட்டை விரியும் முன்பே மெல்லப் பிரித்து, உள்ளே இருந்த பத்து மகரந்தத் தாளையும் முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். எனக்குக் கண்ணாடி மாற்றியே ஐந்து வருஷம் ஆகிறது. பத்துத் தாள் எடுப்பதற்குள் மூன்று மொட்டைக் கழுத்தோடு எடுத்துவிட்டேன். பிறகு சங்கத்தில் புடவைக் கரைக்கு டிசைன் போடும் ஆதிகேசவனிடம் ஒரு மெல்லிய பிரஷ் கேட்டு வாங்கி, வெள்ளையின் மகரந்தத்தைத் தொட்டுச் சிவப்பில் தடவி, வேறு மகரந்தம் படாமலிருக்கக் காகிதப் பை மாட்டி, எந்த அம்மாவுக்கு எந்த அப்பா என்பது மறந்துபோகாமலிருக்கச் சிவப்பு நூலும் கறுப்பு நூலும் முறுக்கிக் கட்டி, தேதி எழுதிச் சீட்டும் தொங்கவிட்டேன். உங்கள் அத்தை வந்து எட்டிப் பார்த்து, "இன்னா பண்ணிகினு இருக்கீங்க?" என்றாள். பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறேன் என்றேன். "இருக்கிற ஒரு பொண்ணுக்குப் பண்ணி வச்சது போதாதா?" என்றாள். அது தங்களைக் குறித்துச் சொன்னதல்ல. பொதுவாகச் சொன்னது.

இந்த நூலும் சீட்டும்தான் என் குடியைக் கெடுத்தது. அடுத்த வீட்டுக் கோவிந்தம்மாளைத் தங்களுக்கு நினைவிருக்கும், கல்யாணத்தில் பந்தியில் இரண்டு முறை உட்கார்ந்தவர். மழையில் நான் குடை பிடித்து நின்றதிலிருந்தே அவருக்கு என்மேல் ஒரு கண். இப்போது மதில் வழியாகப் பார்த்தால், நான் குனிந்து, முணுமுணுத்து (பத்துத் தாளை எண்ணுவது முணுமுணுப்பாகத் தெரிந்திருக்கிறது), சிவப்பு நூலும் கறுப்பு நூலும் முடிச்சுப் போட்டு, எழுத்து எழுதிய சீட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறேன். அதே வாரம் அவருடைய பசு பால் மறுத்துவிட்டது. அவ்வளவுதான். "தேசப்பன் முதலியாரு செய்வினை வச்சிகினு கீறாரு, மாட்டு மடியைக் கட்டிட்டாரு" என்று கனகம்மாசத்திரம் வரைக்கும் சொல்லிவிட்டார். மாமூலாக எனக்கு வணக்கம் வைக்கிற டீக்கடைக்காரர்கூட டம்ளரைத் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். நான் கோவிந்தம்மாளைக் கூப்பிட்டு, அம்மா, இது தோட்டக் கலை, என் மாப்பிள்ளை சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர், அவர்தான் எழுதி அனுப்பினார் என்று தங்கள் கடிதத்தையே நீட்டினேன். "ஆங், மலைநாட்டுலேர்ந்து மந்திரம் எழுதி வருதா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் நான் போஸ்டாபீஸ் போயிருந்த நேரம் பார்த்து உப்பும் மிளகாயும் மஞ்சளும் கரைத்து மதிலுக்கு மேலிருந்து ஒரு குடம் ஊற்றிவிட்டார். மூன்று சிவப்பில் இரண்டு சுருண்டு விழுந்தது. ஓரமாக இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அதில் பை மாட்டிய காய் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று காய்த்துப் பழுப்பேற ஆரம்பித்த நேரத்தில்தான் தங்கள் பொங்கல் கடிதம் வந்தது. கடைசி வரியை நான் இரண்டு முறை படித்துக் காட்டினேன். உங்கள் அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "மாப்பிள்ளை இப்படியுமா கேப்பாரு? வயித்துப் புள்ளையோட இருக்கிறவளை?" என்றாள். அன்றிலிருந்து கேலி நின்றுபோயிற்று. அவள் பாத்திக்கு விளக்கு ஏற்றாத குறைதான். காலையில் எழுந்ததும் காயைப் பார்ப்பாள், படுக்கப் போகுமுன் காயைப் பார்ப்பாள். இந்த ஒரு காய் விதையைக் கொண்டுபோய்க் குன்னூரில் கொடுத்துவிட்டுப் பெண்ணை அழைத்து வந்துவிடலாம் என்று நாங்கள் இருவரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

தைக் கிருத்திகை வந்தது. உங்கள் அத்தையின் தம்பி வீராசாமி கே.ஜி.கண்டிகையிலிருந்து வருஷா வருஷம் பூக்காவடி எடுத்து வருகிறவன். வழியில் நம் வீட்டில் நின்று மோர் குடித்துவிட்டுத்தான் மலையேறுவான். அவள் மோர் கலக்க உள்ளே போனாள். நான் வாசலில் அவனோடு வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன். அவன் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவன் திரும்பி வந்து, "அரோகரா" போட்டுக் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். தெருமுனை திரும்பும்போது கத்துகிறான்: "பாவா! காவடியில ஒரு பக்கம் பூ கொட்டிப் போச்சு. உங்க தோட்டத்துல ரெண்டு கொத்து அறுத்துகினேன். சாமிக்குன்னு எச்சி படாம காயிதம் கட்டி மூடி வச்சிருந்தீங்களே, அதையும் சேத்துத்தான்!"

மாப்பிள்ளை, எனக்கு அறுபது வயது. முந்நூற்று அறுபத்தைந்து படி. கிருத்திகைக் கூட்டம். தெருவிலேயே மேளக்காரர்கள் நடுவில் வந்துவிட்டார்கள். பாதி மலையில் நான் "வீராசாமி, நில்லு!" என்று கத்தினேன். சுற்றி இருந்த அத்தனை பேரும் "வீரவேல் முருகனுக்கு அரோகரா!" என்று பதில் சொன்னார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது காவடி செலுத்தியாகிவிட்டது. பூவெல்லாம் ஒரு மூலையில் என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. அங்கே நின்ற குருக்களிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். "ஸ்வாமிக்குச் சாத்தினதைத் திருப்பிக் கேக்கறேளே?" என்றார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் குன்னூரில் இருக்கிறாள், மாப்பிள்ளை விதை கேட்கிறார், விதை அந்தக் குவியலுக்குள் இருக்கிறது என்று வாய் குழறினேன். அவருக்கு ஒரு எழுத்துப் புரிந்திருக்காது. ஆனால் என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "பிரசாதமா எடுத்துக்கோங்கோ" என்று விலகி நின்றார். நான் அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்து சாமந்தியையும் அரளியையும் இரண்டு கையாலும் வாரினேன். சிவப்பு நூல், கறுப்பு நூல், காகிதப் பை, உள்ளே காய். உடையாமல் இருந்தது. அன்றைக்கு முருகனைப் பார்த்துக் கும்பிட்டது போல் என் ஆயுசில் நான் கும்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்து காயவைத்து உடைத்தேன். கறுப்பாக, தட்டையாக, முப்பத்தெட்டு விதை. வெள்ளைக் காகிதத்தில் மடித்து, "பழனி, திருத்தணி எங்கும் காணாத புதுச் சிவப்பு" என்று மேலே எழுதிச் சாமி படத்தின் முன்னால் வைத்தேன். மறுநாள் காலை அரக்கோணத்துக்குப் போய்க் குன்னூருக்கு டிக்கெட் எடுக்கும் ஏற்பாடு பார்த்துவிட்டு வந்தேன். பொட்டலத்தைக் காணோம். ஜெயம்மா, பொட்டலம் எங்கே என்றேன். கோவிந்தம்மாள் சமாதானத்துக்கு வந்திருந்தாராம், பால் இல்லாமல் கன்று செத்துவிடும் போலிருக்கிறது, மலைக்குப் போய் வந்தீர்களே, பிரசாதம் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று அழுதாராம். இவள் விபூதிப் பொட்டலம் என்று நினைத்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதை அவர் தவிட்டில் கரைத்து மாட்டுக்கு வைத்துவிட்டார். முப்பத்தெட்டும் போயிற்று.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. மூன்றாம் நாள் அந்த மாடு கறக்க ஆரம்பித்துவிட்டது! இப்போது செய்வினைக்காரன் என்ற பெயர் போய், முதலியார் கைராசிக்காரர் என்ற பெயர் வந்து, விடிந்தால் வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். நேற்று மணவூரிலிருந்து ஒருவர் எருமையையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அந்தக் கறுப்பு மருந்து துளி குடுங்க நைனா" என்கிறார். எருமை போகும்போது மிச்சமிருந்த சிவப்புச் செடியின் கட்டையையும் மேய்ந்துவிட்டுப் போயிற்று.

ஆகவே விதை இல்லை. வெங்காய விதையும் பார்க்க இதே கறுப்புதான், மடித்து அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மனசு வரவில்லை. உங்கள் அத்தை பெட்டியில் கண்ணாடி வளையல் வாங்கி வைத்துக்கொண்டு, ரயில் ஊதும்போதெல்லாம் வாசலுக்குப் போய்ப் போய் வருகிறாள். பிங்க்ஸ் இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வரும், அம்சாவுக்கு ஏழாம் மாதம் அடுத்த வருஷம் வருமா? தங்களுக்குப் பூ முக்கியமா, பிள்ளை முக்கியமா? ஒரு தகப்பன் இதைக் கேட்கக்கூடாதா? கேட்கக்கூடாதுதான். கேட்டதாக எண்ண வேண்டாம். ஆனால் இந்த ஜன்மத்தில் இனி நான் முள்வாங்கியைத் தொடமாட்டேன் என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தயவுசெய்து பெண்ணை அனுப்பி வையுங்கள்.

தாங்களும் அம்சாவும் சகல சம்பத்தும் பெற்று, பேர் சொல்லும் பிள்ளையோடு வாழ மலைமேல் இருப்பவனை வேண்டும்,
தங்கள் மாமனார்,
மு. தேசப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. அம்சா இறங்கினாள், பின்னாலேயே பெட்டியோடு தாங்களும் இறங்கினீர்கள். "ரெண்டு மாசமா ஒரு பதிலும் இல்லியேன்னு பயந்து போயி நாங்களே கெளம்பி வந்துட்டோம்" என்றீர்கள். நான் தங்கள் பொங்கல் கடிதத்தை எடுத்து அம்சாவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "நைனா, இது விதை இல்ல. விடை. 'விடை வந்ததும்'னு எழுதி இருக்காரு. அவரு கையெழுத்தே அப்படித்தான், டாவும் தாவும் ஒண்ணா இருக்கும்" என்றாள். உங்கள் அத்தை என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். விதை விஷயத்தைத் தாங்கள் மறந்தே போய்விட்டீர்களாம், அம்சா சொன்னாள்.

மேலே எழுதியதையெல்லாம் இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. தாங்கள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். "யாருக்கு நைனா இவ்ளோ நீட்டமா எழுதிகினு இருக்கிற?" என்று அம்சா கேட்கிறாள். மாப்பிள்ளைக்கு என்றேன். "அவரு பத்தடியில இருக்காரு, ஒரு கொரல் குடேன்" என்கிறாள். இலை போட்டாகிவிட்டது. மாப்பிள்ளை, சாப்பிட வாருங்கள்.