துப்பாக்கிக்குள் ஒரு ஊதுபத்தி

எதைத் தொடுவதற்கு முன்பும் ‘காலியா?’ என்று கேட்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வங்கியின் காவலராக இருந்தார். துப்பாக்கியைப் பார்த்துக் கேட்டால் நியாயம். ஸ்டேப்ளரைப் பார்த்தும் கேட்பார். டிபன் கேரியரைத் துடைப்பதற்கு முன் மூன்று அடுக்கையும் பிரித்து, எட்டிப் பார்த்து, சுண்டுவிரலால் தடவிய பிறகே துணியை எடுப்பார். கரிக்கலாம்பாக்கம் கிளையில் அவருக்குப் பெயரே ‘காலியா அண்ணன்’தான். சொந்தப் பெயர் மேனேஜருக்கே மறந்துபோயிருந்தது.

பட்டாளத்திலிருந்து வந்தவர். சோரியாங்குப்பத்திலிருந்து மொபெட்டில் வருவார். சனிக்கிழமை மதியம் கதவு சாத்தியதும் ரைபிளைச் சுத்தம் செய்யும் வைபவம் தொடங்கும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டுவார். முனையை வெறும் சுவர்ப் பக்கம் திருப்பி, உள்ளே ஒன்றுமில்லை என்று மூன்று முறை பார்ப்பார். நான்காவது முறை காசாளனான நான் பார்க்க வேண்டும். பிறகு குழாயின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி, அந்த வழியாகப் பித்தளைக் கம்பியை விடுவார்.

“ஏண்ணே, முன்பக்கமா வுட்டா ஈசிதானே?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

“ஒன் வூட்டுக் குப்பய வாசல்லேர்ந்து உள்ள பெருக்குவியாடா?”

கம்பி, செம்பு பிரஷ், அளந்து வெட்டிய புதுப் பருத்தித் துணி, எண்ணெய் எல்லாம் தனிப் பையில் இருக்கும். மேனேஜர் ஆசையாகத் தன் பழைய பனியனைக் கொடுத்தபோது, அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்ட கிளார்க்கிடம், “தாளிக்கவா போறோம்?” என்றார். வில்லியனூரில் ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் குழலைத் துடைப்பதைப் பார்த்து, காலை டிபன் பந்தியிலிருந்து எழுந்து போய்ப் பாடம் நடத்தினார். முகூர்த்தம் கால் மணி நேரம் தள்ளிப்போனதாகப் பெண் வீட்டார் இன்றும் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்டவரின் துப்பாக்கியில்தான் நான் கை வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆபீஸ் பூஜை. பணம் எண்ணும் மெஷின் முதல் பஞ்சிங் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. அண்ணன் தோட்டாக்களை எடுத்துப் பூட்டிவிட்டு, ரைபிளைச் சுவரோரம் நிற்க வைத்து, பொரி வாங்கப் போனார். ஊதுபத்தி குத்த வாழைப்பழம் இல்லை. நிமிர்ந்து நின்ற துப்பாக்கி வாய் என் கண்ணில் பட்டது. பத்தி நழுவி உள்ளே போகாமலிருக்க ஓர் உருண்டை சந்தனத்தை வைத்து, மோதிரம் போட்ட விரலால் அழுத்தி அடைத்தேன். அவர் வரும் சத்தம் கேட்டு அவசரமாக இழுத்தேன். பத்தி முறிந்து, குச்சி உள்ளேயே தங்கிவிட்டது. வெளியே தெரிந்த சந்தனம் பூஜைப் பொட்டு மாதிரியே இருந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை உடனே தொடக்கூடாது என்று மேனேஜர் அப்படியே பீரோவில் பூட்டினார். நான் பொரி தின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் விடுமுறைக்குப் பிறகு வங்கி திறந்த அன்று, தலைமை அலுவலகத்து அதிகாரி துப்பாக்கியைச் சோதிக்க வருவதாக இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அண்ணனுக்கு அடுத்த வருஷ வேலை. அண்ணனின் பெண் நர்சிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்த அண்ணனின் முகம் மாறியது. “எல்லாரும் வெளிய போங்க,” என்றார். பாஸ்புக்கோடு நின்றவர்களும் வெளியே போய், ஜன்னல் வழியாக யோசனை சொன்னார்கள். சைக்கிள் பம்பால் காற்றடிக்கலாம் என்றார் ஒருவர். ஈர்க்குச்சி கொண்டுவரட்டுமா என்றார் மேனேஜர். “ஒருவாட்டி சுட்டா வெளிய வந்துராதா?” என்றார் ஓர் உரக்கடைக்காரர்.

“குச்சி வராது. கொழா கிழிஞ்சி என் மூஞ்சிதான் வரும்,” என்றார் அண்ணன்.

சந்தனம் கல்லாகியிருந்தது. அவர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார், காத்திருந்தார், பின்பக்கமாகக் கம்பியை விட்டு மெல்லத் தள்ளினார். மறுபடி எண்ணெய், மறுபடி தள்ளல். முக்கால் மணி நேரம் கழித்துக் குச்சி சந்தனத்தோடு மேஜையில் விழுந்தபோது, வாசலில் அதிகாரி நின்றிருந்தார்.

“யார் வேலை இது?”

நான் உரக்கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

“துப்பாக்கி என் பொறுப்பு சார். உள்ள இன்னா இருந்தாலும் அது என்னுது,” என்றார் அண்ணன்.

அதிகாரி குழாய்க்குள் பார்த்தார். அது பளபளத்தது. வேலை நீடித்தது; கூடவே அங்கேயே எழுதிய ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் அவர் வாங்கிய முதல் கடிதம். மதியம் டீ குடிக்கும்போது அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

“தெரியும்பா. சந்தனத்துல ஒன் விரல் மோதரம் பதிஞ்சிருந்திச்சி. சொருவுனது கூடப் பரவால்ல. வாய்ப் பக்கமா சொருவுன பாரு, அதான் மனசு ஆறல.”

மறுநாள் தலைமை அலுவலகத்துக்கு நானே எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். எச்சரிக்கை அவர் கோப்பிலிருந்து கிளம்பி என் கோப்புக்கு வந்து சேர்ந்தது. விஷயம் தெரிந்து அண்ணன் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் என் கவுன்ட்டருக்கு வந்தார்.

“ஏன்டா எழுதுன? ஒன் ப்ரமோஷன் இன்னா ஆவறது?”

அந்த வருஷம் எனக்கு ப்ரமோஷன் வரவில்லை. தினமும் காலையில் நான் உள்ளே நுழையும்போது அவர் வாசலில் இருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.