புறா மாமாவின் கிளை

மனிதர்களைவிட மரக்கிளையின் நலனில் அதிக அக்கறை கொண்ட ஒருவர் எங்கள் ஊரான புக்கிட் ரம்பாயில் உண்டென்றால், அது எங்கள் பக்கத்து வீட்டுப் புறா மாமாதான். அவரிடம் ஒரு புறாகூடக் கிடையாது. அவர் உயிரை வைத்திருந்த ‘புறா’, வயதான மரங்களின் பட்டையைப் பற்றி வளரும் காட்டு ஆர்க்கிட் செடி. வெள்ளைப் பூக்கள் பறக்கும் புறாக்களைப் போலிருக்கும். பெரிய மழை கொட்டி ஒரு வாரத்துக்கு மேல் ஆனதும் ஊரிலுள்ள அத்தனை செடிகளும் ஒரே காலையில் பூத்து, மறுநாள் வாடிவிடும். அந்த ஒரு நாளுக்காக மனிதர் தொழிற்சாலைக்கு எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, போடுவார். டாக்டரிடம் என்ன நோய் என்று சொல்வாரோ!

செடிகள் இருந்தது, எங்கள் வீடுகளுக்குப் பின்பக்கத் தூங்குமூஞ்சி மரத்தின் தடித்த கிளையில். கிளை இருந்தது, என் மகளின் அறைக்கு நேர் மேலே. காற்றடித்தால் கிறீச்சிடும்.

"அண்ணே, புள்ள தலையில விழுந்தா என்ன செய்றது?"

"விழாது தங்கச்சி. பூச்செடி வேரு கெட்டியா புடிச்சிருக்குல்ல?"

"கிளைதாண்ணே செடியத் தாங்குது! செடி கிளையத் தாங்குதா?"

"ஒன்னை ஒன்னு தாங்கும்லா."

இவரிடம் என்ன பேசுவது? நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுத்தேன். வெட்ட ஆட்கள் வந்த அன்று, மரத்தடியில் மஞ்சள் துணி, குங்குமம், நட்டு வைத்த ஒரு சூலம்! ரம்பத்தோடு வந்தவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். "சாமி மரம்க்கா. நாங்க தொட மாட்டோம்." லோரி திரும்பிப் போய்விட்டது. புறா மாமா வேலியோரம் நின்று விசிலடித்தார்.

விசில் அதிக நாள் நீடிக்கவில்லை. மரம் லாட்டரிக்கு நாலு நம்பர் கொடுக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கத் திரண்டது. பட்டையில் பவுடரைத் தேய்த்து எண் தேடினார்கள். பூ மலர்ந்த காலையில் இரண்டு பேர் கிளையிலேயே ஏறி உட்கார்ந்து, ஒன்று விடாமல் பறித்துச் சூலத்துக்குச் சாத்தினார்கள்.

"அடப்பாவிங்களா, அது சாமிக்கு இல்ல!"

"பின்ன யாருக்கு மாமா? உங்களுக்கா?"

மனிதர் தான் நட்ட சூலத்தையே முறைத்துப் பார்த்தார்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. வேர் எத்தனை மிஞ்சியது என்று பார்க்க ஏணி வைத்து ஏறியவர், அடுத்த கணம் சேற்றுக் காலணியோடு என் வீட்டுக்குள் பாய்ந்தார்.

"செருப்பு! செருப்பு!" என்று நான் கத்துகிறேன். அவர் காதில் விழவேயில்லை. பாடம் படித்துக்கொண்டிருந்த மகளை நாற்காலியோடு ஹாலுக்கு இழுத்து வந்தார்.

"என்ன மாமா?"

"கிளை பொளந்துருச்சு—"

சொல்லி முடிக்கவில்லை. கூரை இடிந்தது. போய்ப் பார்த்தால், அவளுடைய மேசை இருந்த இடத்தில் கிளை கிடந்தது.

திட்டுவதற்கு என்னிடம் ஒரு மூட்டை இருந்தது. ஆனால் மனிதர் என் மகளின் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளைப் பக்கம் திரும்பவே இல்லை.

மழை விட்டதும், ஓட்டுத் துண்டுகளை விலக்கி அந்தச் செடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தவள் நான்தான்.