அக்குளில் ஏற்பட்ட நீர்க்கசிவு

பழங்காநத்தத்தில் நீர்ச் சிக்கன விழிப்புணர்வு அலுவலகம் என்று ஒன்று உண்டு. அங்கே தண்ணீர் பற்றிய போஸ்டர் உண்டு, உறுதிமொழி உண்டு, வாராவாரம் கூட்டமும் உண்டு. விழாக்களில் பொன்னாடை போர்த்துகிற வேலை உதவியாளர் இம்மானுவேலுக்கு. ஆள் ஆறடி, எந்த உயரதிகாரியின் தோளும் எட்டும். பொன்னாடை போர்த்திய கைக்குப் பதவி உயர்வு நிச்சயம் என்பது அந்த அலுவலகத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

கோளாறு ஒன்றுதான். கையைத் தூக்கினால் அவர் அக்குள் இரண்டும் நனைந்து தெரியும். சித்திரை மாத விழாப் படத்தில் சிறப்பு விருந்தினரின் முகத்தைவிட அந்த ஈரம்தான் தெளிவாக விழுந்திருந்தது. இயக்குநர் பீமாராவ் உடனே மெமோ கொடுத்தார். நீர்ச் சிக்கனத் துறையில் பணியாற்றும் ஒருவர் பொதுமக்கள் முன்னிலையில் இவ்வளவு நீரைக் கசியவிட்டது ஏன்? கசிவு சரியாகும்வரை பொன்னாடை வேறு கைக்குப் போகும்.

இம்மானுவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. நேராகக் கோரிப்பாளையத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனார். டாக்டர் சரண்யாதேவி மரத்துப்போக ஊசி போட்டு, அக்குளில் நீல மையால் கட்டம் கட்டமாக அச்சுப் பதித்து, கட்டத்துக்குக் கட்டம் மின்காந்த அலையைப் பாய்ச்சி வியர்வைச் சுரப்பிகளைச் சுட்டார். மைக்ரோவேவ் அடுப்பில் பழைய குழம்பைச் சூடு பண்ணுகிற அதே சங்கதிதான். இனி அங்கே வேர்க்காது, நீலக் கட்டம் அழியத்தான் கொஞ்ச நாளாகும் என்றார்.

"நம்ம தெருக்குழாய்க் கசிவ அடைச்ச ஆளுகதான் இதையும் அடைச்சாகளா? வேலை அம்புட்டு சுத்தமா இருக்கு" என்றாள் மனைவி ரூத். அவர்கள் வீடு அலுவலகத்துக்குப் பின்தெருவில்தான்.

வீக்கம் வடிந்து அவர் வேலைக்குத் திரும்புவதற்குள் நாகரிகம் மாறிவிட்டது. சென்னையில் துறையின் ஆணையர் வியர்வையில் நனைந்த சட்டையோடு படம் போட, 'உழைப்பின் ஈரம்' என்று ஊரே கொண்டாடியது. பீமாராவ் சுற்றறிக்கை விட்டார்: விழாவில் அக்குள் உலர்ந்திருப்பவர் உழைக்காதவராகக் கருதப்படுவார். அடுத்த சிறப்பு விருந்தினரே அந்த ஆணையர்தான்.

"ஐயா, நீங்க சொல்லித்தானே அடைச்சேன்?" என்றார் இம்மானுவேல், காலில் விழாத குறையாக.

"அது அப்ப உள்ள கொள்கை. இப்ப உள்ளது ஈரக் கொள்கை. அக்குள்ல தண்ணிய அடிச்சுக்கிட்டு வாங்க."

விழா நாள் காலையில் ஊழியர்கள் எல்லாரும் வரிசையில் கையைத் தூக்கி நிற்க, சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலால் ஒருவருக்கொருவர் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டார்கள். தொட்டி காலியானதும், பின்தெருக் குழாய்க்குப் போகும் வால்வை மூடி அந்தத் தண்ணீரையும் இந்தப் பக்கம் திருப்பினார்கள். கூட்டம் தொடங்கும்போது அலுவலகமே உழைத்துக் களைத்திருந்தது.

இம்மானுவேல் பொன்னாடை போர்த்தினார். ஆணையர் அவர் அக்குளைப் பார்த்து நெகிழ்ந்துபோய், இவருக்கு மேற்பார்வையாளர் பதவி தர வேண்டும் என்று மைக்கிலேயே சொன்னார். பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி மக்களைக் கும்பிட்டார். ஆணையரின் நனைந்த வெள்ளைச் சட்டைக்குள்ளும் நீலக் கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. இம்மானுவேலுக்கு அது என்ன கட்டம் என்று தெரியும். எல்லாரோடும் சேர்ந்து அவரும் கைதட்டினார்.

கூட்டத்தின் நடுவே ஒரு காலிக் குடத்தோடு ரூத் எழுந்தாள்.

"ஐயா, உங்க அக்குளுக்குத் தண்ணி வர்ற குழா எதுன்னு சொல்லுங்க. நாங்களும் ஒரு குடம் பிடிச்சுக்கிறோம்."

பீமாராவ் முகம் வெளுத்துவிட்டது. இந்தம்மா யார், தெரியுமா என்று ஆணையர் தம் பக்கத்தில் நின்ற இம்மானுவேலைக் கேட்டார்.

"தெரியலைங்கய்யா."

சொன்ன மாத்திரத்தில் இம்மானுவேலின் நெற்றி வேர்த்துக் கொட்டியது. மின்காந்த அலை அந்தப் பக்கம் போகவில்லை அல்லவா? அன்றைக்கு அந்த மேடையில் அசல் வியர்வை அது ஒன்றுதான். ஆணையர் அதையும் பாராட்டினார்.

மாலையில் இனிப்பும் பதவி உயர்வு உத்தரவுமாகப் போய் வீட்டுக் கதவைத் தட்டினார். ரூத் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"யாரு நீங்க? தெரியலையே" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.