கிராணியாரின் நாற்பது கொடிகள்

“ஒன்பது முனை!” என்று தையற்கடை மேசையை ஓங்கித் தட்டினார் மாணிக்கவாசகம். “கொடி நட்சத்திரத்துக்கு ஒன்பது முனை. சுல்தான்கள் ஒன்பது பேரு, முனையும் ஒன்பது!”

தையற்காரர் ஹாஜா வாயிலிருந்த ஊசியை எடுத்தார். “பதினொண்ணு கிராணியாரே. பினாங்கையும் மலாக்காவையும் விட்டுட்டீங்களே!”

“மலாக்காவுல ஏதுய்யா சுல்தான்?”

“சுல்தான் இல்லேன்னா ஊரே இல்லையா? அப்ப நாம ரெண்டு பேரும் எங்க நிக்கிறோம்?”

ஜாலான் பெண்டஹாரா தெருவிலிருந்த அந்தக் கடைக்குத் துணி எடுக்க வந்திருந்த நாலு பேர் சிரித்துவிட்டார்கள். மாணிக்கவாசகத்துக்குப் பொறுக்கவில்லை.

“கால்சட்டை தைக்கிறவனுக்கு அரசியல் என்ன தெரியும்? சொன்னதைத் தை!”

ஹாஜாவின் முகம் சுருங்கிப்போனது. “சரி லா,” என்றார்.

மலாயா சுதந்திரம் பெறும் மெர்டேக்கா நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. காஜா பெராங் குடியிருப்பில் தங்கள் வரிசையின் நாற்பது வீட்டிலும் கொடி பறக்க வேண்டும் என்று கூட்டம் போட்டு, பொறுப்பை மாணிக்கவாசகத்திடம் கொடுத்திருந்தார்கள். வேறு யாரிடம் கொடுத்தாலும் அவர் செய்தது தப்பு என்று இவர் நிரூபித்துவிடுவார் என்ற பயம்தான் காரணம். கணக்கெழுதும் இருபது வருடக் கிராணி உத்தியோகத்தில் மாணிக்கவாசகம் ஒரு தப்பும் செய்ததில்லை. அதாவது, ஒப்புக்கொண்டதில்லை.

ஹாஜா தைத்த கொடிகள் வந்து இறங்கின. மறுநாள் காலை மனைவி சந்திரமதி பேப்பரை நீட்டினாள்.

“கொடிப் படம் போட்டிருக்கான், பாருங்க.”

தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பதினொன்றேதான். பேப்பரை மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“எத்தனைங்க?”

“அச்சு சரியா விழலை.”

ஹாஜாவிடம் போய் நிற்பதைவிட மலாக்கா ஆற்றில் குதிக்கலாம் என்று தோன்றியது அவருக்கு. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சள் துணியைக் கத்தரித்தார். கொடிக்கு இரண்டு முனை, ஆக எண்பது. ஊசி பிடிக்க வராது என்பதால் குழைந்த சோற்றைப் பிசைந்து, நட்சத்திரத்தில் இடம் கிடைத்த பக்கமெல்லாம் முனைகளை அப்பினார். பிறகு காய்வதற்காகக் கொல்லைப் புல்லில் விரித்துவிட்டு, வெற்றிப் புன்னகையோடு காப்பி குடிக்கப் போனார்.

பின்வீட்டு மருதமுத்துவின் கோழிகளுக்குச் சோற்று வாசனை எட்டியது.

மாணிக்கவாசகம் ஓடி வந்தபோது கொல்லை முழுக்கக் கொண்டாட்டம். ஒரு சேவல் நட்சத்திர முனையைக் கவ்விக்கொண்டு வேலி தாண்டியது. அவர் செருப்பை வீசினார். அது சேவலை விட்டுவிட்டு மருதமுத்துவின் மீன்கறிச் சட்டியில் போய் விழுந்தது.

“யாருடா அது?” என்று கையில் கரண்டியோடு வந்தார் மருதமுத்து. அவர் பின்னாலேயே கொடி வாங்க வந்த கும்பல். கொடி கட்டும் நாடாவைக் கொடுத்துவிட்டுப் போக வந்த ஹாஜாவின் மனைவி ஹஸீனாவும் அதில் இருந்தாள்.

“என்ன கிராணியாரே, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாட்டுக் கொடி மாதிரி இருக்கு?” என்றார் கும்பலில் ஒருவர்.

கோழிமேல் பழி போடலாம். ஹாஜாமேல் போடுவது இன்னும் சுலபம். வாயைத் திறந்தும்விட்டார். ஹஸீனா எதிரே நின்றாள். கடையில் சுருங்கிய ஹாஜாவின் முகம் கண்ணில் வந்து நின்றது.

“தப்பு என்னுது,” என்றார்.

சந்திரமதி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஹாஜா பதினொண்ணுன்னு சொன்னான். நான்தான் ஒன்பதுன்னு அடம்பிடிச்சு, நாலு பேரு முன்னால அவனை அவமானப்படுத்தினேன். நானே வந்து மன்னிப்புக் கேக்குறேன்னு சொல்லும்மா.”

வானம் இடிந்து விழவில்லை. நெஞ்சில் இருபது வருடமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது போலிருந்தது. அந்த ருசியில் அவரால் நிறுத்த முடியவில்லை.

“போன வருஷத் தண்ணிக் குழாய்த் தகராறுலயும் தப்பு என்னுதுதான்! சந்திரமதி, நம்ம கல்யாணத் தேதிகூட நீ சொன்னதுதான் சரி!”

கும்பல் கைதட்டியது. மருதமுத்து கரண்டியால் வேலியைத் தட்டினார்.

ஹஸீனா மட்டும் குனிந்து ஒரு கொடியை எடுத்து விரல்விட்டு எண்ணினாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் எண்ணினாள்.

“நீங்க எண்ணிப் பாக்க மாட்டீங்கன்னு அவரு முதல்லேயே பதினொண்ணுதான் வச்சுத் தச்சாரு அண்ணே,” என்றாள். “இப்ப நீங்க ஒட்டினதைக் கோழி கொத்தி எடுத்தது மட்டும்தான் சரியா இருக்கு.”